தூண்டில் சொற்கள்

2010 டிசம்பரில் கூகுள் பொறியாளர்கள் 20 பேர் ஆளுக்கொரு புதிய மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவற்றில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் பிங் கருவிப்பட்டையும் நிறுவப்பட்டிருந்தன. வேலை ரொம்பச் சுலபம். உலகத்தில் யாரும் தேடவே மாட்டார்கள் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய சில சொற்களை கூகுளில் தேட வேண்டும், வருகிற முதல் முடிவைச் சொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சொற்களில் ஒன்றைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய ‘ஹியிப்பர்காக்’ என்று வரும். ஆங்கிலத்திலும் அதை வாயால் சொல்ல முடியாது. விசைப்பலகை மேல் பூனை நடந்துபோன மாதிரி பத்து எழுத்துகள். இப்படிச் சுமார் 100 சொற்களைச் சமைத்து, ஒவ்வொன்றுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பக்கத்தை முதல் முடிவாகக் கையால் ஒட்டிவைத்திருந்தார்கள். ஹியிப்பர்காக்கைத் தேடினால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தியேட்டர் ஒன்றின் இருக்கை வரைபடம் வரும். சில வாரங்களில் பிங்கில் அதே சொல்லைத் தட்டினால் அதே தியேட்டர், அதே நாற்காலிகள். 100 தூண்டிலில் பத்துக்கும் குறைவானவற்றில்தான் மீன் மாட்டியது. ஒன்று மாட்டினாலே போதுமே.

இந்தச் சந்தேகம் தொடங்கியதும் ஒரு சொல்லில்தான். இமைகளைச் சேர்த்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை ஒன்றின் பெயரை யாரோ தப்பாகத் தட்டியிருந்தார்கள். கூகுள் எழுத்துப்பிழையைத் திருத்திச் சரியான பக்கத்தைக் காட்டியது. பிங் பிழையைத் திருத்தவில்லை, ஆனால் அதே பக்கத்தைக் காட்டியது. கேள்வியே புரியாதவனுக்கு விடை மட்டும் எப்படித் தெரியும்? பரீட்சையில் பக்கத்து பெஞ்சுத் தாளைப் பார்த்து எழுதியவன் மாட்டுவதும் இப்படித்தான்.

2011 பிப்ரவரி 1 அன்று விஷயம் வெளியே வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் தரப்பைச் சொன்னது: பயனர்கள் எங்கே சொடுக்குகிறார்கள் என்ற தகவலை அவர்கள் அனுமதியோடுதான் எடுக்கிறோம், அது நாங்கள் பார்க்கும் பல அறிகுறிகளில் ஒன்று, இது நகல் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பதைவிட இந்தச் சம்பவத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. தேடுவதற்கான சொல் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. திருடனைப் பிடிப்பதற்கான சொல் என்பதற்கு இன்னொரு வரலாறு உண்டு. ஹியிப்பர்காக்கில் இரண்டும் ஒரே சொல்லாகிவிட்டன. இணையத்தில் எழுதுகிற யாருக்கும் இந்த இரண்டு வரலாறுகளும் தெரிந்திருப்பது நல்லது.

*

முதல் வரலாறு ஒரு மடத்தில் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸின் செயின்ட் ஜாக் மடத்தில், ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில், லத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு தயாரித்தார்கள். பிரசங்கம் செய்கிறவருக்கு ‘ஆடு’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தெரிய வேண்டும், அதற்காக முழு நூலையும் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்போது வசன எண்கள் கிடையாது. ஆகவே அதிகாரம் ஒவ்வொன்றையும் ஏழு துண்டாகக் கற்பனையில் வெட்டி, முதல் ஏழு லத்தீன் எழுத்துகளை அடையாளமாக வைத்தார்கள். நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கத்துக்குப் பக்கத்திலேயே, நடுவில் நுழைந்து வேண்டியதை மட்டும் எடுக்கிற பழக்கமும் வந்து உட்கார்ந்தது. நாம் இன்று செய்வதெல்லாம் அந்த இரண்டாவதைத்தானே?

1949இல் ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலிய யேசு சபைப் பாதிரியார் நியூயார்க் போய் ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். தாமஸ் அக்வினாஸின் எழுத்து முழுமைக்கும் சொல்லடைவு வேண்டும், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். அவர் தன் ஆய்வுக்காக, ‘உள்ளே’ என்று பொருள்படும் ஒரு குட்டிச் சொல் வரும் வாக்கியங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதிப் பார்த்துக் களைத்தவர். ஐபிஎம் உதவியது. வேலை முடிய முப்பதாண்டு ஆனது. துளையட்டைகளில் அந்தச் சொற்களை ஏற்றியவர்கள் வட இத்தாலியின் கல்லராத்தே நகரில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். பூசாவின் பெயர் எல்லா வரலாற்றிலும் உண்டு. அந்தப் பெண்களை அண்மைக்காலத்தில்தான் ஆய்வாளர்கள் தேடிப்போய்க் கண்டார்கள். சொல்லைத் தேடுகிற வரலாற்றிலும் பெயர் விடுபடுவது புதிதில்லை.

மூன்றாவது ஆள்தான் முக்கியம். 1972இல் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரத்தை நம் ஊர் பாணியில் சொல்கிறேன். கல்யாண வீட்டில் “வெள்ளை வேட்டி கட்டியவரைக் கூப்பிடு” என்றால் யாரைக் கூப்பிடுவது? “இடது கையில் ஆறு விரல் உள்ளவரைக் கூப்பிடு” என்றால் நேரே போய்த் தொட்டுவிடலாம். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல் எதையும் அடையாளம் காட்டாது. சிலவற்றில் மட்டும் வருகிற சொல்லுக்கே எடை அதிகம். பிறகு வந்த தேடுபொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் இந்த யோசனை இருக்கிறது.

அரிய சொல்லே நல்ல அடையாளம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

*

1998இல் சொல்லுக்கு விலை வந்தது. அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோட்டு என்ற தேடுதளம், தேடும் சொற்களை ஏலம் விட்டது. யார் ஒரு சொடுக்குக்கு அதிகப் பணம் தருகிறாரோ அவர் பக்கம் மேலே. கோட்டு பின்பு ஓவர்ச்சர் ஆனது, 2003இல் அதை யாஹூ சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. இதற்குள் 2000இல் கூகுளும் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கியிருந்தது. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று விளம்பரக்காரர்களுக்குக் காட்டக் கருவிகள் வந்தன. ‘கீவேர்ட் ரிசர்ச்’ என்று இன்று கோர்ஸ் நடத்துகிறார்களே, அதன் பிறப்பிடம் இந்தச் சந்தைதான்.

துறவிகள் ஏற்கெனவே எழுதப்பட்ட நூலில் சொல்லைத் தேடினார்கள். சந்தை இதைத் தலைகீழாக்கியது. முதலில் சொல்லைப் பிடி, பிறகு அதற்கொரு பக்கம் எழுது. எழுத நேரமில்லையா, எங்கிருந்தாவது எடுத்து ஒட்டு. ஒருவர் எழுத ஒரு மாதம் எடுத்த கட்டுரையை நகலெடுக்கச் சில நொடி போதும், அதன் பக்கத்தில் விளம்பரம் வைத்தால் காசு. இதழ்களும் பாடநூல்களும் மட்டும் கண்டிருந்த எழுத்துத் திருட்டு ஆலைத் தொழிலாக மாறியது இப்படித்தான். 2011 பிப்ரவரியில், ஹியிப்பர்காக் செய்தி வந்த அதே மாதக் கடைசியில், மலிவான பக்கங்களையும் அடுத்தவர் எழுத்தை நகலெடுத்த தளங்களையும் கீழே தள்ள கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பின்னாளில் ‘பாண்டா’ என்று பெயர் பெற்ற அது, அமெரிக்காவில் நடந்த தேடல்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டின் முடிவுகளைப் புரட்டியது. குப்பை எந்த அளவுக்குச் சேர்ந்திருந்தது என்று அந்த எண்ணே சொல்லும்.

*

இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுத்துத் திருட்டுக்கு வழங்கும் ‘பிளேஜியரிசம்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் ஆள்கடத்தல்காரனைக் குறிப்பது. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் மார்ஷியல், தன் கவிதைகளைத் தன்னுடையவை என்று வாசித்துத் திரிந்த ஒருவனை அப்படி அழைத்தார். பொருளைத் திருடியவன் என்று சொல்லவில்லை, பிள்ளை பிடிக்கிறவன் என்றார். எழுத்தைப் பறிகொடுத்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மார்ஷியல் மிகைப்படுத்தவில்லை என்பார்கள்.

திருடனைப் பிடிக்கப் பொய்யை விதைக்கும் உத்தி வரைபடக்காரர்களிடம் செழித்தது. 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனத்தின் ஓட்டோ லிண்ட்பெர்கும் அவருடைய உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கலைத்துப்போட்டு ‘அக்லோ’ என்ற இல்லாத ஊரை நியூயார்க் மாநில வரைபடத்தில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் ராண்ட் மெக்னாலியின் வரைபடத்திலும் அக்லோ வந்தது. மாட்டினாயா என்று கேட்டால், அங்கே அக்லோ பலசரக்குக் கடையே இருக்கிறதே என்றார்கள். உண்மைதான், யாரோ ஒருவர் வரைபடத்தில் பார்த்த பெயரையே தன் கடைக்கு வைத்திருந்தார்! பொய் ஊர் மெய் ஊராகிவிட்டது. கூகுள் வரைபடத்திலும் அக்லோ 2014 வரை கிடந்தது.

அகராதிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1975இன் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லிலியன் மவுன்ட்வீசல் என்ற புகைப்படக் கலைஞருக்கு ஒரு பதிவு உண்டு. கிராமத்து அஞ்சல் பெட்டிகளைப் படமெடுத்தவர், எரிபொருள்கள் பற்றிய ஒரு பத்திரிகைக்காக வேலை பார்த்தபோது வெடிவிபத்தில் இறந்தவர். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. 2001இன் நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதியில் ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல், பொருள்: கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல். ஆசிரியர் குழுவே சமைத்த சொல் அது. பிறகு அது வேறொரு இணைய அகராதியிலும் காணப்பட்டது. கடமையைத் தட்டிக்கழித்தவரைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

பொறி வைத்தவர்கள் வென்றார்களா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் கசப்பு. கான்சஸ் மாநிலத்தின் ரூரல் தொலைபேசி நிறுவனம் தன் எண் புத்தகத்தில் சில பொய்ப் பெயர்களை வைத்திருந்தது. ஃபைஸ்ட் என்ற பதிப்பு நிறுவனம் அப்புத்தகத்திலிருந்து எடுத்த 1,309 பதிவுகளில் நான்கு பொய்ப் பதிவுகளும் அகப்பட்டன. நகல் எடுத்தது சந்தேகமில்லாமல் நிரூபணம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. அகரவரிசையில் அடுக்கிய பெயர்களும் எண்களும் வெறும் தகவல்கள், உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது, சிறிதளவாவது படைப்புத்தன்மை வேண்டும் என்றது நீதிமன்றம். பாடல் வரிகளைத் தொகுக்கும் ஜீனியஸ் தளம் வளைந்த மேற்கோள் குறியையும் நேர்க் குறியையும் மாற்றி மாற்றி வைத்து, மோர்ஸ் குறியீட்டில் ‘கையும் களவுமாக’ என்ற பொருளுள்ள சொற்களை ஒளித்தது. அதே குறிகள் கூகுளின் பக்கத்தில் தெரிந்தன என்று 2019இல் வழக்குப் போட்டது. அதுவும் தோற்றது. பாடல் வரிகளுக்கு ஜீனியஸ் உரிமையாளர் இல்லையே.

நகல் என்று காட்டுவது ஒன்று, அது உன்னுடையது என்று காட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு வேண்டியது பொறி இல்லை, நடை. தகவல் பொது, சொன்ன விதம் சொந்தம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதையே பார்க்கிறது. எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும், பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுத்தாளர் இறந்த பின்னும் 60 ஆண்டு நீடிக்கும்.

*

இது எனக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். ஒருநாள் அதில் வரும் ஆறேழு சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினேன். அவற்றில் ‘மசங்கல்’ என்ற சொல் இருந்தது. பொழுது சாயும் நேரத்துக்கு என் ஆச்சி சொல்லும் சொல். ஒரு தளத்தில் என் கட்டுரை முழுசாக இருந்தது. பெயர் போயிருந்தது, ‘கண்மாய்’ எல்லாம் ‘ஏரி’ ஆகியிருந்தது, தலைப்பு ‘ஏரி என்றால் என்ன? ஏரி வரலாறு, ஏரி பயன்கள்’ என்று மாறியிருந்தது. தேடுபொறியில் அது எனக்கு மேலே நின்றது. மசங்கலை மட்டும் விட்டுவிட்டார்கள். அதை மாற்ற அவர்களுக்கு வேறு சொல் தெரியவில்லை போலும்.

தளத்துக்கு மூன்று மடல் போட்டேன், பதில் இல்லை. தளத்தை வைத்திருந்த வழங்கி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பக்கம் மறைந்தது. அடுத்த மாதம் வேறொரு முகவரியில் அதே ஏரி.

அந்தத் தளம் செய்ததை நல்லெண்ணத்தோடு எனக்குச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு. “கண்மாயை யார் சார் தேடுறா? ஏரின்னு போடுங்க, அதுக்குத்தான் டிராஃபிக்.” கருவியைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல் எல்லாவற்றையும் ஏரி ஆக்கிவிட்டால் கட்டுரையில் எந்த ஊர் மிஞ்சும்? நிறையப் பேர் தேடும் சொல்லுக்கு நகர நகர, எழுத்து எல்லாருடைய எழுத்து மாதிரியும் ஆகிறது. எல்லாருடையது மாதிரி இருப்பதைத் திருடினால் யாருடையது என்று எப்படிச் சொல்வது? வாசகரைக் கூட்டிவரும் சொல்லும் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் சொல்லும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கை எழுதுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது இதுதான்.

நம் மொழிக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரை வைத்தார், அதை உருவினால் யாப்பு உடையும். அந்தாதியில் ஒரு பாட்டை எடுத்தால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும். இவையெல்லாம் திருட்டுக்குப் பயந்து செய்தவை என்று நான் சொல்ல வரவில்லை. விளைவு அப்படி. குறுந்தொகைத் தொகுப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெயர் கிடைக்காத கவிஞர்களை என்ன செய்வது? செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார் என்று அவரவர் பாட்டில் மின்னிய தொடரையே பெயராக வைத்தார்கள். ஊர் தெரியாது, குலம் தெரியாது, காலம் தெரியாது. வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பாட்டை யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

ஆகவே நண்பர்களே, தலைப்பிலும் முதல் பத்தியிலும் மக்கள் தேடுகிற சொல்லை வையுங்கள், அதில் தப்பில்லை. கதவு தெரிய வேண்டும்தானே. தேதி போட்டு ஒரு பிரதியைச் சேமியுங்கள், அவ்வப்போது உங்கள் வாக்கியங்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் உள்ளே உங்கள் ஆச்சியின் சொல்லை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். மசங்கல் என்ற சொல் எனக்குச் சொந்தமில்லை, ஆச்சிக்கும் சொந்தமில்லை. அதை அந்த இடத்தில் வைத்தது மட்டுமே நான்.