எண்ணெய் உண்ணும் உயிர்களும் எல்லைக் கடற்கரையும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி, விளவங்கோடு சென்னை ராஜ்யத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தபோது, பாறசாலைக்குத் தென்மேற்கே ஒட்டிக் கிடக்கும் பொழியூரும் நீரோடியும் வெவ்வேறு ராஜ்யத்து ஊர்களாயின. ஆயினும் இரு கரையாரின் ஜீவனமும் பழையபடியே மீனும் கயிறுமாக நீடித்தது. திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1860-ல் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் செல்லும் இக்கரையோரத்தில், மாதக்கணக்காய் நீரில் ஊறிய தேங்காய்க் கதம்பையைத் தடியால் அடித்து நார் பிரித்த பெண்களின் கைகளில் ஒட்டிய கரிய வழும்பும், ஊரெங்கும் வீசிய அழுகல் வாடையும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நாரைப் பிணைக்கும் பெக்டினைக் கரைத்ததன் அடையாளங்களே.

1980-களில் வள்ளங்களில் எஞ்சின் ஏறி, மண்ணெண்ணெய் கடற்கரையின் அன்றாடப் பொருளானது. சிந்தும் எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்களோ கடலில் அதற்கு முன்பே இருந்தன. எண்ணெய் நீரில் கரையாதாகையால், அவை அதன் துளியிலேயே ஒட்டிக்கொண்டு, சோப்பின் குணமுடைய ஒரு திரவத்தைச் சுரந்து துளியைப் பொடிப்பொடியாக்குகின்றன. கூடவே, சர்க்கரைச் சங்கிலிகளாலான வழும்பைத் தம்மைச் சுற்றிப் படரவிட்டு, விஷாம்சங்களினின்றும் தம்மைத் தின்ன வரும் நுண்பிராணிகளினின்றும் தப்புகின்றன. எரிபொருள் தொட்டியின் அடியில் சிறிதளவு நீர் தங்கினாலும், எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் அவ்வழும்பு படிந்து வடிகட்டியை அடைத்துவிடும். அருவருப்பாய்த் தோன்றும் அப்படலம், அவற்றுக்குப் பிராணரக்ஷை.

வங்காளத்துச் சைந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, பல வகைப் பாக்டீரியாக்களின் எண்ணெய் உண்ணும் ஆற்றலை ஒன்றிலேயே சேர்த்தார். அதற்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-ல், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கீர்த்தி பெரிதாயினும், அந்தப் பாக்டீரியா எண்ணெய் சிந்திய கடலில் விடப்படவேயில்லை. இன்றளவும் கடலில் சிந்திய எண்ணெயைச் சிதைக்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வன, ஆங்காங்கே இயல்பாய் வாழும் இனங்களே. அவற்றுக்குப் பிராணவாயுவும், நைட்ரஜனும், பாஸ்பரஸும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலமும் வேண்டும். கனத்த தார்ப்பகுதியை அவையும் எளிதில் தொடுவதில்லை.

2025 மே 25-ஆம் தேதி, சுமார் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் ஏற்றியிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. ஆனால், அதன் சரக்கிலிருந்து திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் ஒதுங்கியவை வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். எண்ணெயைச் செரிக்கும் உயிர்களுக்கும் அவை உண்ணத்தக்க ஆகாரமல்ல. ஆதலால் அவற்றை மணலோடு அள்ளிச் சலித்தெடுக்கும் வேலை மனிதக் கைகளுக்கே வந்து சேர்ந்தது.