இரண்டு மாதத் தாடியும் ஆயுள் தாடியும்



2022ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், கனடாவில் நோன்புப் பெருநாள். டொரண்டோ நகரில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றான நாமும் காலையில் பெருநாள் தொழுகையை முடித்து, உறவினர் வீடுகளுக்குச் சென்று ஸலாம் சொல்லி, பிரியாணியும் வட்டிலப்பமும் உண்டு, இரவில் வீட்டில் கூடியிருந்தோம். அன்றுதான் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் பிளேஆஃப் தொடரும் தொடங்கியது. எதிரே இருந்தது டாம்பா பே லைட்னிங். ஐந்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நம் ஊர் அணி வென்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நம் வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று, “வாப்பா, இனித் தொடர் முடியும் வரைக்கும் நான் சவரம் செய்ய மாட்டேன்” என்றான்.

நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. தாடி நபிவழி என்று எத்தனையோ முறை அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். “ஆபீஸில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்” என்பதே அவனுடைய மறுமொழியாக இருந்தது. நாம் பல ஆண்டுகள் சொல்லியும் நடக்காதது ஒரே இரவில் நடந்துவிட்டது. அந்த விளையாட்டுக்கும் தாடிக்கும் என்ன தொடர்பு? அது எங்கே தொடங்கியது? நாம் அதை எப்படிப் பார்க்க வேண்டும்? இக்கேள்விகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் ஊர்களில் ஹாக்கி என்றால் புல்தரையும் பந்துமே நினைவுக்கு வரும். கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தளம். பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் இவ்விளையாட்டுக்கென ஒரு வெள்ளிக் கோப்பையை வழங்கினார். அது முதன்முதலில் 1893இல் மொன்ட்ரியால் அணி ஒன்றுக்குக் கிடைத்தது. 1917இல் நேஷனல் ஹாக்கி லீக் உருவாயிற்று. பிற்காலத்தில் அந்த லீக்கின் வெற்றி அணிக்கே கோப்பை உரியதாயிற்று. வென்ற அணியின் வீரர்களின் பெயர்கள் அக்கோப்பையில் பொறிக்கப்படும்.

இன்று லீக்கில் 32 அணிகள் உள்ளன. அவற்றுள் 16 அணிகள் ஏப்ரல் மாதத்தில் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டும். இப்படி நான்கு சுற்றுகள். ஆக, கோப்பைக்குப் பதினாறு வெற்றிகள். ஜூன் மாதம் வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இது நீடிக்கும். உடைந்த விரலோடும் தையலிட்ட முகத்தோடும் வீரர்கள் ஆடுவர். இந்த இரண்டு மாதங்களில்தான் அவர்கள் சவரக் கத்தியைத் தொடுவதில்லை. தோற்ற அணியினர் மறுநாளே மழித்துவிடுவர். வென்ற அணியினர் கோப்பையைக் கையில் ஏந்திய பிறகு மழிப்பர். ஆகவே தாடி அங்கே ஒரு நாள்காட்டி. முகத்தைப் பார்த்தாலே அந்த அணி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வழக்கத்தின் தொடக்கம் 1980களின் முற்பகுதியில், நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியில் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. 1972இல் தோன்றிய அவ்வணி, 1980 மே 24ஆம் நாள் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் வென்று முதல் கோப்பையைப் பெற்றது. அந்த வெற்றி கோலை அடித்தவர் பாப் நைஸ்ட்ரம். பயிற்சியாளர் ஆல் ஆர்பர். தொடர்ந்து 1981, 1982, 1983 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை அவர்களுக்கே கிடைத்தது. 1980 முதல் 1984 வரை தொடர்ச்சியாக 19 பிளேஆஃப் சுற்றுகளை வென்ற சாதனை இன்றும் அவர்களுடையதே.

அவர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? சுவீடன் நாட்டு டென்னிஸ் வீரர் பியோன் போர்க் விம்பிள்டன் போட்டி நடக்கும் இரண்டு வாரங்களும் சவரம் செய்யாமல் ஆடுவது வழக்கம். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை அவர் அங்கே வென்றார். ஐலண்டர்ஸ் அணியில் ஸ்டீஃபன் பெர்சன், ஆண்டர்ஸ் கால்லூர் ஆகிய சுவீடன் வீரர்கள் இருவர் இருந்தனர். தம் நாட்டவரைப் பார்த்து அவர்களே இதைக் கொண்டுவந்தனர் என்பாரும் உளர். திட்டமிட்டுச் செய்யவில்லை, ஓய்வில்லாத ஆட்டங்களுக்கிடையே சவரத்துக்கு மனமில்லாமல் தானாகவே வளர்ந்தது என்பாரும் உளர்.

1984இல் வெயின் கிரெட்ஸ்கியின் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி ஐலண்டர்ஸை இறுதிச் சுற்றில் வீழ்த்தியது. ஐலண்டர்ஸின் காலம் முடிந்தது. அவர்கள் விட்டுச் சென்ற தாடி முடியவில்லை. 1989இல் கால்கரி ஃபிளேம்ஸ் அணி வென்றபோது லானி மெக்டொனால்டின் செந்நிற மீசையும் தாடியும் கோப்பையோடு சேர்ந்து புகழ்பெற்றன. 1995இல் நியூஜெர்சி டெவில்ஸ் வென்றபோதும் தாடி முகங்களே எங்கும் தெரிந்தன. அந்த அணியை நடத்திய லூ லாமொரியெல்லோ மற்ற நாள்களில் வீரர்கள் தாடி வைப்பதை அனுமதிக்காதவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2016இல் சான் ஹோஸே ஷார்க்ஸ் அணியின் ஜோ தோர்ன்டன், பிரென்ட் பர்ன்ஸ் இருவரின் மார்பளவு தாடிகள் அவர்கள் ஆட்டத்துக்கு இணையாகப் பேசப்பட்டன. அவ்வளவு நீண்ட தாடிகளும் பிட்ஸ்பர்க் அணியிடம் தோற்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு தாடி ரசிகர்களிடம் பரவியது. தம் அணிக்காகத் தாடி வளர்த்து, அதன் பெயரால் நன்கொடை திரட்டி, அறப்பணிகளுக்கு வழங்கும் இயக்கமும் எழுந்தது. மறுபுறம், 2015இல் ஆட்டங்களை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர், வீரர்களின் முகங்களை மக்கள் அடையாளம் காண முடியவில்லை, இவ்வழக்கம் நின்றால் நல்லது என்று கருத்துத் தெரிவித்தார். வீரர்கள் கேட்கவில்லை. முகம் தெரிவதைவிட அணி தெரிவதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சகுனம். தாடியை எடுத்தால் தோல்வி வரும் என்று நம்பி ஒருவர் வளர்த்தால், அது நம் மார்க்கம் மறுத்த நம்பிக்கை. அறியாமைக் கால அரபிகள் பறவையை விரட்டி, அது வலப்புறம் பறந்தால் பயணம் போவதும் இடப்புறம் பறந்தால் திரும்பிவிடுவதுமாக இருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன. பறவைக்கு இல்லாத ஆற்றல் முடிக்கும் இல்லை. ஹாக்கி உலகில் இத்தகைய நம்பிக்கைகள் ஏராளம். அரையிறுதியில் கிடைக்கும் கோப்பையைத் தொட்டால் இறுதியில் தோற்போம் என்று அதைக் கையால் தீண்டாத அணிகளும் உண்டு. நம் பிள்ளைகள் விளையாட்டை ரசிக்கட்டும்; இந்த நம்பிக்கை அவர்கள் உள்ளத்தில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டாவது, ஒற்றுமை. ஒரு நோக்கம் முடியும் வரை முடியைக் களையாமல் இருப்பது நமக்கு அந்நியமானதன்று. இஹ்ராம் கட்டிய ஹாஜி தம் உடலின் ஒரு முடியையும் நீக்குவதில்லை. கிரியைகள் முடிந்த பிறகே மழிக்கிறார் அல்லது குறைக்கிறார். உழ்ஹிய்யா கொடுக்க நிய்யத் செய்தவர் துல்ஹஜ் பிறை கண்டது முதல் அறுக்கும் வரை முடியும் நகமும் களையாமல் இருப்பது நபிவழி. செல்வரும் ஏழையும் ஒரே தோற்றத்தில் நிற்கும் அந்தக் காட்சியின் பொருள் நமக்குத் தெரியும். விளையாட்டை வணக்கத்தோடு ஒப்பிட நாம் முனையவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரம். ஆயினும், ஒன்றாகத் துன்பப்படுவோர் ஒன்றுபோலத் தோன்ற விரும்புவது மனித இயல்பு என்பதை இங்கே காண்கிறோம்.

அந்த ஆண்டு டொரண்டோவின் தாடிகள் நீளவில்லை. 1967க்குப் பிறகு கோப்பையைக் காணாத ஊர் இது. 2004க்குப் பின் ஒரு சுற்றைக்கூட வெல்லாமல் இருந்த அணி இது. இந்நகரில் பிளேஆஃப் தாடி என்பது இரண்டு வாரத் தாடி என்று நம் பிள்ளைகளே கேலி பேசுவர். மே 14ஆம் நாள் ஏழாவது ஆட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நம் ஆர்வம் அதன்பின் வேறோர் அணிக்கு மாறியது. காரணம், நாஸிம் காத்ரி.

காத்ரி 1990இல் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில், லெபனானிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 2009இல் டொரண்டோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பத்து ஆண்டுகள் அவர் நம்முடையவர். 2018, 2019 ஆகிய இரு பிளேஆஃப்களிலும் ஆத்திரத்தால் விதிமீறித் தடைபெற்றார்; 2019 கோடையில் கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு அனுப்பப்பட்டார். 2022 மே மாதம் செயின்ட் லூயிஸ் அணியின் கோல்காப்பாளரோடு மோத நேர்ந்தபோது, அவருடைய இனத்தையும் மார்க்கத்தையும் இழித்து மிரட்டல்கள் குவிந்தன. காவல்துறைப் பாதுகாப்பு தேவைப்பட்டது. மறு ஆட்டத்தில், அதே ஊரில், அவர் மூன்று கோல்கள் அடித்தார். அடுத்த சுற்றில் கட்டைவிரல் உடைந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டத்தில் திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்தார். எதிரணி, நம்மை வெளியேற்றிய அதே டாம்பா பே. ஜூன் 26ஆம் நாள் கொலராடோ கோப்பையை வென்றது. ஸ்டான்லி கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் வீரர் என்ற பெயர் காத்ரிக்குக் கிடைத்தது.

வென்ற வீரர் ஒவ்வொருவருக்கும் கோப்பையைத் தம் ஊருக்கு எடுத்துச் செல்ல ஒரு நாள் தரப்படும். ஆகஸ்டு மாதத்தில் காத்ரி அதை லண்டன் முஸ்லிம் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றார். அந்த ஊரின் நிலையை நினைவில் வையுங்கள். 2021 ஜூன் 6ஆம் நாள் மாலை நடைக்குச் சென்ற ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீது, முஸ்லிம்கள் என்பதற்காகவே, ஒருவன் வாகனத்தை ஏற்றினான். மூன்று தலைமுறையைச் சேர்ந்த நால்வர் இறந்தனர். சிறுவன் ஒருவன் மட்டும் உயிர் பிழைத்தான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தத் துயரம் நிகழ்ந்து பதினான்கு மாதங்களில் அவ்வூர்க் குழந்தைகள் பள்ளிவாசலில் வரிசையில் நின்று நாட்டின் மிகப் புகழ்பெற்ற கோப்பையைத் தொட்டனர். ஒரு கோப்பை அத்துயரத்தை ஆற்றிவிடாது. ஆனால் இந்நாடு தமக்கும் உரியது என்பதை அக்குழந்தைகள் அன்று கையால் தொட்டு உணர்ந்திருப்பர்.

மீண்டும் நம் வீட்டுக்கு வருவோம். டொரண்டோ தோற்ற மறுநாள் பிள்ளை சவரம் செய்யவில்லை. காத்ரி ஆடுகிறாரே என்றான். ஜூன் முடிந்தது, அப்போதும் எடுக்கவில்லை. முதல் இரண்டு வாரங்கள் அலுவலகத்தில் அவன் தாடியைப் பார்த்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்களாம். ஜூலையில் அதே மனிதர்கள், “இன்னும் எடுக்கவில்லையா?” என்று கேட்டார்களாம். ஒருவர், “ஏதாவது மாறிவிட்டாயா?” என்றும் கேட்டாராம். அதே முகம், அதே முடி. அணிக்காக என்றபோது அது விசுவாசம். அல்லாஹ்வின் தூதருக்காக என்று தோன்றியபோது அது சந்தேகம்.

அன்றிரவு அவன் சொன்னது நம் நெஞ்சில் நிற்கிறது: “வாப்பா, ரெண்டு வாரம் யாருக்கும் பயமில்லாமல் தாடியோட நடந்தேன். அப்பதான் எனக்கு இதுவரைக்கும் எதுக்குப் பயந்தேன்னு தெரிஞ்சது.” வேலை தேடிய நாள்களில் நாமே ஒரு காலத்தில் தாடியை எடுத்தவர்கள். அவனுக்கு அறிவுரை சொல்லும் தகுதி நமக்கு எவ்வளவு உண்டு என்று அன்று எண்ணிப் பார்த்தோம். அவனுக்குச் சுன்னத்தைச் சொன்ன நாம், அதைத் தாங்கும் துணிவைச் சொல்லித்தரவில்லை. அதை அவன் ஒரு விளையாட்டு அரங்கத்திலிருந்து கற்றுக்கொண்டான்.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை. தாடியின் சட்டம் குறித்து மத்ஹபுகளின் விளக்கங்களை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவோம். அணிக்காகத் தாடி வளர்க்கும் பிள்ளையை ஏளனம் செய்யாமல், அதே தாடிக்கு மேலான நிய்யத் ஒன்று உண்டு என்று அன்போடு எடுத்துரைப்போம். எடுத்துவிட்ட பிள்ளையையும் தள்ளிவிடாமல் அருகில் வைத்துக்கொள்வோம். கோப்பை ஆண்டுதோறும் கைமாறும். இரண்டு மாதத் தாடி ஒரு காலைப் பொழுதில் போய்விடும். அல்லாஹ்வுக்காக வைத்த எண்ணம் மட்டுமே நம்மோடு வரும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உறுதியான ஈமானையும், அதை அச்சமின்றி வெளிப்படுத்தும் துணிவையும் வழங்குவானாக. அநியாயமாகக் கொல்லப்பட்ட நம் சகோதரர்களுக்கு உயர்ந்த சுவனத்தை அருள்வானாக. ஆமீன்.