கருவின் வளர்ச்சியை அளந்த வரலாறு

பத்து மாதம் சுமந்து பெற்றவள் என்று தாயைச் சொல்வது தமிழர் வழக்கு. இருபத்தெட்டு நாட்களை ஒரு திங்களாகக் கொள்ளின் பத்துத் திங்கள் 280 நாட்களாகும். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியர் நேகலே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய கணக்கும் இதுவே. கடைசி மாதவிலக்கின் முதல் நாள் தொட்டு எண்ணிப் பேறுகாலத்தைக் குறிப்பது அவர் முறை. கணக்கு எளிதுதான், ஆனால் நாளை மறந்தவளுக்கும் விலக்கு முறை தவறி வருபவளுக்கும் அது பொருந்தாது. முதல் மூன்று மாதங்களில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டினுள் ஒடுங்கியிருப்பதால், வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் மருத்துவச்சிக்கும் ஒன்றும் புலப்படாது. கரு வளர்கின்றதா, நாட்கணக்குத்தான் பிழையா என்று பிரித்தறிய வழியே இல்லாதிருந்தது.

இவ்வறியாமையின் விலை சிறிதன்று. கரு நிலைக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை மருந்து கொடுக்கப்பட்டது. அதனால் பயனில்லை என்று 1953-இல் சிகாகோ ஆய்வு காட்டியது. அவ்வாறு காட்டிய பின்னும் பதினெட்டு ஆண்டுகள் அம்மருந்து வழக்கில் நீடித்தது! அதை உண்ட தாய்மாரின் புதல்வியரிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவதை 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்ட பின்னரே அது கைவிடப்பட்டது.

கருவைக் கண்ணாற் காணும் வழி பிறந்தது ஸ்காட்லாந்தில். கிளாஸ்கோ பல்கலைக்கழக மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், உலோகத்தின் உள்வெடிப்பை ஒலியலையால் கண்டறியும் கருவியைப் பற்றி அறிந்தார். 1955-ஆம் ஆண்டு ஜூலையில், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃபுரூவிலுள்ள கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பு நோக்குவதற்குத் தொழிற்சாலையார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்திருந்தனராம். நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் மக்விகர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7-ஆம் நாள் லான்செட் இதழில் வந்தது. கொதிகலனுக்கென்று செய்த கருவி கருப்பைக்கு உதவியது வியப்பே.

தொடக்கத்தில் இளங்கரு தெரியவில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கையில் பார்த்தால் அது குடலை ஒதுக்கி ஒலிக்கு வழி விடும் என்று 1960-ஆம் ஆண்டுகளில் டொனால்ட் கண்டார். இன்றும் பல மருத்துவமனைகளில் தண்ணீர் குடித்துவிட்டு வருமாறு பெண்களைப் பணிப்பதன் காரணம் அதுவே. அதே நகரில் ஹியூ ராபின்சன் 1972-இல் ஏழு வாரக் கருவின் இதயத்துடிப்பைக் காட்டினார். அடுத்த ஆண்டு உச்சி முதல் பிட்டம் வரை கருவின் நீளத்தை அளந்து வயது கூறும் முறையை வெளியிட்டார். ஏழு வாரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர், பத்து வாரத்தில் மூன்று, பன்னிரண்டில் ஐந்தரை. ஐந்து நாட்களுக்குள் அடங்கும் பிழையோடு வயதைச் சொல்லலாயிற்று. கரு சிறிதாயிருக்கிறதே என்று கலங்கி வந்த தாய்மார் பலருக்கு, நாள்தான் தவறு, குழந்தையன்று என்னும் விடை கிடைத்தது.

எல்லார்க்கும் அவ்விடை கிடைக்கவில்லை. நாட்கணக்கு ஐயமின்றித் தெரிந்த பெண்களிடமும், முதல் மூன்று மாதத்தில் அளவு குறைந்த கரு எடை குறைந்த குழந்தையாகப் பிறக்கும் வாய்ப்பு மிகுதி என்று கிளாஸ்கோ ஆய்வாளர் 1998-இல் எழுதினர். ஆயினும் அவ்விளங்கருவை வளர்க்கும் மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. புகை பிடிப்பவள் அதை விடுவதும், பின் மாதங்களில் வளர்ச்சியை மீண்டும் மீண்டும் அளந்து பார்ப்பதுமே செய்யத்தக்கவை.

அளவுகோலே அவசரத்துக்குக் கருவியாகிவிடும் ஆபத்தும் உண்டு. அன்று வழக்கிலிருந்த எல்லைகளைக் கொண்டு முடிவு செய்தால் உயிருள்ள கருவும் அழிந்ததாகக் கருதப்படக்கூடும் என்று 2011-இல் இலண்டன் ஆய்வாளர் எச்சரித்தனர். பிரிட்டனில் விதி மாற்றப்பட்டது. ஏழு மில்லிமீட்டருக்குக் குறைந்த கருவில் துடிப்புக் காணாவிடினும், குறைந்தது ஏழு நாட்கள் பொறுத்து மீண்டும் பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டுமென 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி பணித்தது.