சேறு கேட்ட உயரம்

குடும்பத்துக்கென வாங்கிய ஃபோர்ச்சுனரையோ பஜேரோவையோ பட்டறையில் விட்டு, ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் மாற்றி, இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டு வருவதைப் பலர் வெறும் பகட்டு என்றே எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியக்காரனைப் பார்த்து நாமும் சூடு போட்டுக்கொள்கிறோம் என்பது அவர்கள் கட்சி. சிலாங்கூரில் ஜெஞ்சாரோமைச் சுற்றியுள்ள கோல லங்காட் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் அப்படி ஒரே அடியாகத் தள்ளிவிட முடியவில்லை. இந்த வட்டாரத்தில் வண்டியின் உயரத்தை முடிவு செய்தவை இரண்டு: ஒன்று நிலம், இன்னொன்று பதவி. நிலம் கேட்ட உயரத்துக்கு எப்போதும் ஓர் அளவு இருந்தது. பதவி கேட்ட உயரத்துக்கு அப்படி அளவு எதுவும் இருந்ததில்லை. இன்றைய இரண்டு அங்குலம் நிலத்தின் கேள்விக்குப் பதிலாக இருக்கும்வரை நியாயமானது. அதைத் தாண்டினால் பழைய அதிகாரத் தோரணையின் மிச்சம்தான்.

முதலில் நிலம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கும் ஜெஞ்சாரோம், கடலோரச் சமவெளி ஊர். கடலை ஒட்டிய பகுதி கனத்த களிமண்; உள்ளே போகப்போக மக்கிய தழைகளால் ஆன கரிச்சதுப்பு. அலைநீர் ஏறாமல் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்த பிறகுதான் இங்கே காப்பியும் பால்மரமும் பின்னர் செம்பனையும் வேர் பிடித்தன. லங்காட் ஆற்றுக்கு அப்பால் உள்ள கேரித் தீவு, எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதுவும் இப்படிக் கரை போட்டு மீட்ட மண்ணே. இந்த நிலத்தில் பாதை போடுவது பெரும்பாடு. களிமண்ணில் கல் கிடையாது. செம்மண் சரளையை மேட்டு நிலத்திலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொட்டியதும் நாளடைவில் அமிழ்ந்துபோகும். கரிச்சதுப்பிலிருந்து நீரை வடித்துவிட்டால் நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும். மரத்தூண்மேலோ காங்கிரீட் தூண்மேலோ நிற்கும் பாலம் மட்டும் இறங்காது. பாதை தாழ்ந்து, பாலம் நிமிர்ந்து, இரண்டும் சேருமிடத்தில் ஒரு படி உருவாகிவிடும். தாழ்வான கார் அந்தப் படியை ஏறும்போது நடு வயிறு தரையில் உரசுவதை இந்த வட்டாரத்துத் தோட்டச் சாலைகளில் இன்றைக்கும் பார்க்கலாம்.

மாட்டுவண்டி இந்தக் கணக்கை மோட்டார் வருவதற்கு முன்பே போட்டு வைத்திருந்தது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுத் துறையையும் இணைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும், ரயில் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சரக்கு வண்டியில்தான் போனது. வண்டியில் ஸ்பிரிங் ஏது? சக்கரம் பெரிதாக இருந்ததால் அச்சு தரையிலிருந்து எட்டி நின்றது. குடம் சேற்றில் படாமல் வண்டி நகர்ந்தது. அதற்கு விலையும் இருந்தது. வட்டையைச் சுற்றிப் போட்ட குறுகிய இரும்புப் பட்டா, மழை பெய்த பாதையைக் கத்திபோல் கிழித்துத் தடம் பறித்தது. அந்தத் தடத்தில் ஓட அடுத்த வண்டிக்கு இன்னும் உயரம் தேவைப்பட்டது. கெட்ட பாதை உயரமான வண்டியைக் கேட்கும், பாரமான வண்டி பாதையை மேலும் கெடுக்கும் என்ற இந்தச் சுழல் இன்றுவரை ஓயவில்லை. அதிலிருந்து தப்பக் கடலோரத் தோட்டங்கள் சிலவற்றில் குறுகிய தண்டவாளம் போட்டுச் செம்பனைக் குலையைத் தள்ளிச் சென்றார்கள். தண்டவாளம் எட்டாத இடத்தில் எருமையும் வண்டியும் நின்றன.

அடுத்து பதவி. தோட்டத்துப் பாதையில் யார் எவ்வளவு உயரத்தில் வரலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துரை குதிரைமேல், பிறகு காரில், எழுத்தரான கிராணி சைக்கிளில், பால் வெட்டுபவர் கால்நடையாக. தொழிலாளி சைக்கிள் வாங்கிவிட்டாலும், துரையோ கிராணியோ எதிரில் வந்தால் இறங்கி நின்று வழிவிட வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, ஒழுங்கான மருத்துவம், பெண்கள்மீது கைவைப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடையை மூடுதல் என்ற கோரிக்கைகளோடு, மேலதிகாரி முன்னிலையில் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒன்றாக இருந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்நின்று நடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சைக்கிள் இருக்கையின் உயரம் கூலி உயர்வுக்குப் பக்கத்தில் இடம் பிடித்த வரலாறு இது. இங்கே உயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேற்றை மட்டும் பேசிவிட்டு மரியாதையை விட்டுவிட முடியாது.

மோட்டார் யுகத்தில் இரண்டும் ஒரே வண்டியில் வந்து சேர்ந்தன. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது; அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்து, காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். ஜெஞ்சாரோமும் அப்படி உருவான புதுக்கிராமங்களில் ஒன்று. படையினரும் போலீஸும் தோட்டத் துரைகளும் லேண்ட் ரோவரையும் ஜீப்பையும் நாடினார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சித் தோட்டக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். தகடு ஏறினால் எடை ஏறும், பட்டை ஸ்பிரிங் தட்டையாகும், வண்டி தாழும். தாழ்ந்ததை மீட்க ஒரே வழி பட்டை ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவது. இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுவது என்பதே வண்டியை உயர்த்துவதன் மூல நோக்கம். லேண்ட் ரோவரைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பழைய வரிசை வண்டிகளில் ஓட்டுநர் பக்கப் பட்டை ஸ்பிரிங்கை மற்றப் பக்கத்தைவிடச் சற்று அதிக வளைவோடு அமைத்தார்கள். ஆளும் பெட்ரோல் தொட்டியும் ஒரு பக்கம் அழுத்தினாலும் வண்டி சாயாமல் நிற்க வேண்டும் என்பதற்காக. எவ்வளவு பாரமோ அவ்வளவு உயரம், அதற்குமேல் இல்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது.

துரைகள் போய், தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, உயரமான வண்டியும் கைமாறியது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைலக்ஸ் 1979-இல் வந்தது, பஜேரோ 1982-இல். பெரோடுவா 1998-இல் கெம்பாராவை வெளியிட்டபோது நடுத்தரக் குடும்பமும் நான்கு சக்கர இயக்கத்தை வாங்க முடிந்தது. தாத்தா இறங்கி நின்ற பாதையில் பேரன் குடும்பத்தோடு ஏறி அமர்ந்து போகும் காலம் அது. இந்த வண்டிகள் துரையின் வண்டிபோல ஒருவரைச் சுமப்பவை அல்ல. தீபாவளிக்கு ஏழு பேரும் மூட்டைகளும் ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பாலத்துப் படியில் வால் இடிக்கும். தொழிற்சாலை தந்த ஸ்பிரிங் ஒருவர் இருவர் நகரத்தில் போவதையும் மனத்தில் வைத்து மென்மையாக அமைந்தது. ஆகவே சற்றுக் கனமான ஸ்பிரிங்கும் அதற்கு ஈடான அப்சோர்பரும் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தும் வேலைக்கு, ஊரின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. இறக்குமதி என்ற குற்றச்சாட்டுக்கும் இதுவே பதில். மெல்பர்னில் 1975-இல் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் சாமான் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அது தீர்க்கும் குறையை எந்தக் கப்பலும் கொண்டுவந்து இறக்கவில்லை.

இப்போது தார்ச்சாலை இருக்கிறதே, எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். தார் போட்டதால் அடியிலுள்ள களிமண் மாறிவிடவில்லை. சிறுதோட்டத்துக்குள்ளும் ஆற்றங்கரைக் கம்பத்துக்குள்ளும் தார் முழுதாகப் போய்ச் சேரவும் இல்லை. 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவின் தெருக்களே ஆறாயின. ஆனால் வெள்ளத்தைக் காட்டி உயரத்தை நியாயப்படுத்துகிறவர்களும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி எவ்வளவு ஆழத்தில் போகலாம் என்பது பெரிதும் என்ஜின் காற்றை இழுக்கும் வாயின் உயரத்தைப் பொறுத்தது. இரண்டு அங்குலம் அங்கே பெரிய காப்பு அல்ல. நேர் அச்சு உள்ள வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் ஏறும். அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும். மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்திருந்த இந்த உண்மையைச் சொல்லாமலே இன்று பலர் சாமான் விற்கிறார்கள்.

மிகக் கனமான மறுப்பு ஆபத்தைப் பற்றியது. வண்டி கவிழும் அபாயத்தைக் கணிக்க அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை எளிய சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்துகிறது: இடவலச் சக்கரங்களின் இடைவெளியில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுப்பது. சக்கர இடைவெளி 1.5 மீட்டரும் எடை மையம் 70 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால் விடை 1.07. எடை மையம் 5 சென்டிமீட்டர் ஏறினால் 1.00, 15 சென்டிமீட்டர் ஏறினால் 0.88. எண் குறையக் குறையத் திருப்பத்தில் கவிழும் வாய்ப்பு கூடும். இரண்டு அங்குலமே இலவசமில்லை, ஆறு அங்குலமோ சூதாட்டம். மற்ற உறுப்புகளும் இதையே சொல்கின்றன. உயர்த்த உயர்த்த முன்சக்கரத்துக்குச் சுழற்சி தரும் தண்டின் மூட்டு அதிகக் கோணத்தில் வளைந்து ரப்பர் உறை கிழியும். ஸ்டியரிங் நேரே திரும்பி வரும் குணம் மங்கும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். இரண்டு அங்குலத்துக்கு வீல் அலைன்மென்ட்டும் முன்விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்வதும் பெரும்பாலும் போதும். அதற்குமேல் போனால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றை மாற்ற வேண்டியிருக்கும், அதற்காக மூன்றாவதை. ஆபத்து என்கிற மறுப்பு உண்மையில் உயர்த்துவதை மறுக்கவில்லை. அளவு வேண்டும் என்றே கேட்கிறது.

அந்த அளவைத் தனிமனித விருப்பத்துக்கு விடாமல் பொதுவில் வைத்தது சட்டம். வண்டியின் கட்டமைப்பைப் பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகளும், 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1994-இல் வந்த புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனையும் உரிமையாளருக்குத் தொல்லையாகத் தெரியலாம். ஆனால் உயரத்தால் வரும் ஆபத்தை ஏற்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர். எதிரில் தாழ்வான காரில் வருபவரும், அருகில் மோட்டார் சைக்கிளில் போகும் தோட்டத் தொழிலாளியும் சேர்ந்தே ஏற்கிறார்கள். உயர்ந்த முகப்புக்குக் கீழே சிறுபிள்ளை நின்றால் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. 1941-இல் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள் கேட்டது, பாதையில் எல்லாருக்கும் ஒரே மரியாதை. அதை மதிக்கிறவர் தம் வண்டியின் உண்மையான பாரத்தை எடை போட்டு, அதற்கு ஏற்ற ஸ்பிரிங்கைத் தேர்ந்து, 40 முதல் 50 மில்லிமீட்டரோடு நிறுத்தி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதலும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தகவலும் முடித்துக்கொண்டு ஓட்டட்டும். கோல லங்காட்டின் சேறு இதற்குமேல் யாரிடமும் கேட்டதில்லை.