கேள்வியில் பிறந்த ஊர்தி

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினாவுதலும் கேள்வி, செவிமடுத்து அறிதலும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குப் பெயராய் நிற்பது இரண்டாம் பொருள். இவ்விரு பொருளும் ஒருங்கே கூடிய நிகழ்ச்சி பொறியியல் வரலாற்றில் அரிது. அத்தகையது ஒன்று 1940களின் பிற்பகுதியில் கனடாவில் நிகழ்ந்தது. அதன் பயனாய்ப் பிறந்ததே 'பீவர்' என்னும் சிறு விமானம். இலக்கிய வட்டத்தின் மலரில் ஒரு விமானத்துக்கு என்ன இடம் என்று எவரேனும் வினவின், பயன்படுத்துவோரின் சொல்லே உருவாய்த் திரண்ட ஒரு படைப்பு அது என்பதே விடையாகும்.

கனடாவின் வடபுலம் ஏரிகளின் நாடு. ஊசியிலைக் காடும் சதுப்பும் பாறையும் விரிந்து கிடக்கும் அந்நிலத்தில் சாலை எட்டாத ஊர்களே மிகுதி. கோடையில் ஏரி நீரே விமானத்துக்கு ஓடுதளம். பனிக்காலத்தில் உறைந்த ஏரியே ஓடுதளம். 1920கள் தொடங்கி அங்கே அஞ்சலையும் மருந்தையும் கனிமம் தேடுவோரையும் ஏற்றிப் பறந்தவர்களைப் 'புஷ் பைலட்' என்றனர். காட்டுப்புற விமானி என்று நாம் சொல்லலாம். அவர்களுள் முன்னோடி பஞ்ச் டிக்கின்ஸ். மரமே முளைக்காத வடக்குத் தரிசுவெளியை 1928இல் விமானத்தில் குறுக்கே கடந்தவர் அவர். 1935இல் பறந்த 'நார்ஸ்மேன்' இவ்வகைப் பணிக்கென்றே கனடாவில் வடிக்கப்பட்டதுதான். எனினும் அது துணி போர்த்திய உடலும் மரச்சட்ட இறக்கையும் கொண்டது. ஈரமும் பனியும் அத்தகைய கட்டமைப்புக்குப் பகை.

டொராண்டோவை அடுத்த டவுன்ஸ்வியூவில் இயங்கியது டி ஹாவிலண்ட் கனடா நிறுவனம். பிரித்தானிய நிறுவனமொன்றின் கிளையாக 1928இல் தொடங்கப்பட்ட அது, இரண்டாம் உலகப்போரின்போது 'மாஸ்கிட்டோ' போர்விமானங்களை ஆயிரத்துக்கும் மேலாகக் கட்டியது. 1945இல் போர் ஓய்ந்தது, ஆணைகளும் ஓய்ந்தன. ஆலை நிலைக்குமா, மூடப்படுமா என்பதே அன்றைய கவலை. 1946இல் 'சிப்மங்க்' என்னும் பயிற்சி விமானத்தைச் சொந்தமாக வடித்துப் பறக்கவிட்ட பின், நிர்வாகத் தலைவர் ஃபில் காரட்டின் எண்ணம் வடபுலத்தின்பால் திரும்பியது. விற்பனைப் பொறுப்பில் டிக்கின்ஸ் அமர்ந்தார். வடிவமைப்போர் வரைபலகையின் முன் அமர்ந்து தம் கற்பனைக்கு ஏற்ப ஒன்றை வரைந்து, பின்னர் வாங்குவோரைத் தேடுவதே உலக வழக்கு. இங்கோ, காட்டுப்புற விமானிகளிடம் 'உமக்கு வேண்டுவது யாது?' என்று முதலில் வினவப்பட்டது.

வந்த விடைகள் எளியவை. குறுகிய இடத்தில் எழும்பவும் இறங்கவும் வேண்டும். சக்கரமோ மிதவையோ பனிச்சறுக்குப் பட்டையோ எதையும் மாற்றிப் பொருத்த இயல வேண்டும். சுமை ஏற்றுவது எளிதாக வேண்டும். எஞ்சினில் வலு எஞ்சியிருக்க வேண்டும். வேகத்தை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியைவிட விரைந்து போனால் அதுவே வெற்றி என்று ஒரு விமானி சொன்னதாகக் கூறுவர்.

ஃபிரெட் புல்லர், டிக் ஹிஸ்காக்ஸ், ஜிம் ஹூஸ்டன், போலந்திலிருந்து வந்த யாக்கிமியுக் ஆகியோர் அவ்விடைகளை உலோகமாக்கினர். விமானம் முழுவதும் உலோகத்தாலானது. இறக்கை உடலுக்கு மேலே அமைந்தது. 48 அடி அகலம் உடையது. ஆகவே ஏரித்துறையின் மரமேடையை அணையும்போது இறக்கை எதிலும் இடிக்காது. அணையும் பக்கம் காற்றின் விருப்பம். அதனால் இரு பக்கமும் கதவுகள் வைத்தனர். 45 காலன் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றும் அளவுக்கு அக்கதவுகள் அகன்றவை. எரிபொருள் தொட்டிகள் தரையடியில் உள்ளன. அவற்றை நிரப்பும் வாய்கள் உடலின் பக்கவாட்டில் தாழ இருப்பதால், பனி உறைந்த இறக்கைமேல் ஏறி எவரும் வழுக்கி விழ வேண்டியதில்லை. எஞ்சினுக்கு மசகெண்ணெய் ஊற்றும் வாயோ விமானியின் அறைக்குள்ளேயே இருக்கிறது, பறந்துகொண்டே ஊற்றலாம். இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள் தாழும்போது, விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் ஓரப் பலகைகளும் உடன் தாழ்ந்து தூக்குவிசையைப் பெருக்கும். இவை ஒவ்வொன்றின் பின்னும் குளிரில் விரல் விறைத்த ஒரு மனிதரின் அனுபவம் நிற்கிறது.

எஞ்சின் தேர்வில்தான் தயக்கம் நேர்ந்தது. முதலில் கருதப்பட்டது 330 குதிரைத்திறன் கொண்ட பிரித்தானிய 'ஜிப்சி குயின்'. அது போதாது என்பது தெளிவானபின், 450 குதிரைத்திறன் தரும் 'வாஸ்ப் ஜூனியர்' எஞ்சினைச் சுற்றி முகப்பு புதிதாக வரையப்பட்டது. ஒன்பது உருளைகள் வட்டமாய் அமைந்த, காற்றால் குளிரும் எஞ்சின் அது. போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த சரக்காதலால் மலிவாகவும் கிடைத்தது.

தரையில் நிற்கும்போது பீவர் மூக்கை உயர்த்தி, வாலைத் தாழ்த்தி நிற்கும். முன்னே இரு பெருஞ்சக்கரங்கள். வாலடியில் ஒரு சிறு சக்கரம். கல்லும் குழியுமான தரையில் மூக்குச்சக்கரம் எளிதில் ஒடியும். வால்சக்கரமோ எடை குறைந்தது, பழுதாயினும் கேடு குறைந்தது. மூக்கு உயர்ந்திருப்பதால் சுழலும் விசிறி கற்களுக்கு எட்டாது. இதற்கு விலையும் உண்டு. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், இறங்கி ஓடும்போது விமானி சற்று அயர்ந்தாலும் வால் முன்னே வரத் துடிக்கும். விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். நிலத்துக்கு இணங்கிய அவ்வமைப்பு விமானியிடம் இடையறாத கவனத்தைக் கேட்டது.

மரங்களைக் கொறித்து வீழ்த்தி நீரோடைகளில் அணைகட்டும் விலங்கின் பெயரே அதற்கு இடப்பட்டது. உழைப்புக்குப் பேர்போன உயிரினம் அது. 1947 ஆகஸ்ட் 16ஆம் நாள் ரஸ் பானக் அதனை முதன்முதலாகப் பறக்கவிட்டார். 1948இல் ஒண்டாரியோ மாகாணத்தின் நிலம், காடுகள் துறை அதனைப் பெற்றது. பின்னர் அமெரிக்கத் தரைப்படையும் வான்படையும் 900-க்கு மேற்பட்டவற்றை வாங்கின. கொரியப் போர்க்களத்தில் பீவர் தளபதிகளையும் காயமுற்றோரையும் சுமந்தது. நியூசிலாந்தில் மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் தூவியது. 1957-58இல் தென்முனைக் கண்டத்தைக் கடக்கும் பயணத்தில், எட்மண்ட் ஹிலாரியின் குழுவுக்குத் துணைநின்றது. 1967இல் உற்பத்தி நின்றபோது 1,600-க்கும் மேற்பட்டவை வெளிவந்திருந்தன. காடு உலகெங்கும் காடுதான் போலும். ஒரு நாட்டின் விமானிகள் கேட்டது 50-க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பொருந்திற்று.

ஆயினும் இக்கேள்விக்கு எல்லையும் இருந்தது. வேகம் மிகக் குன்றிச் செங்குத்தாய்த் திரும்பினால் இறக்கை தன் தூக்குவிசையைத் திடீரென இழக்கும். அந்நிலையை முன்கூட்டி உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியை அக்கால விதிகள் கட்டாயமாக்கவில்லை. அதனால் பின்னாளில் உயிர்கள் மாய்ந்தன. வணிகப் பணியிலுள்ள பீவர்கள் அனைத்திலும் அக்கருவி பொருத்தப்பட வேண்டுமென்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013இல் பரிந்துரைத்தது. வேறொரு மௌனம் இன்னும் ஆழமானது. விமானிகளிடம் வினவினர், அந்நிலத்தின் முதற்குடி மக்களிடம் வினவியவர் எவர்? வடபுலத்தின் சிறு விமானங்கள் அவர்களுக்கு மருந்தைக் கொணர்ந்தன. அவர்தம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றன. அப்பிள்ளைகளின் சொல்லை நாடு முறையாகக் கேட்டுப் பதிவுசெய்தது, 2015இல் அறிக்கை நிறைவுசெய்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் வாயிலாகவே.

1987இல் கனடாவின் பொறியியலாளர்கள் தம் நாட்டின் நூற்றாண்டுச் சாதனைகள் பத்தினைத் தேர்ந்தபோது, கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதையோடு பீவரும் அதில் இடம்பெற்றது. 2019 டிசம்பர் 10ஆம் நாள் வான்கூவர் அருகே ஃபிரேசர் ஆற்றிலிருந்து மிதவை பூண்ட ஒரு பழைய பீவர் எழுந்தது. அதன் மூக்கில் 'வாஸ்ப் ஜூனியர்' இல்லை. 750 குதிரைத்திறன் கொண்ட மின்னோடி இருந்தது. சில நிமிடங்களே பறந்தது. எரிபொருளின் காலம் மாறும்போதும் சோதனைக்கு எடுக்கப்பட்டது அந்தப் பழைய உடலும் அந்தப் பழைய இறக்கையுமே. அவ்வாறு அது எழுந்தபோது, அதற்கு உருக்கொடுத்த வினாக்கள் விடுக்கப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.