உருளைக்கிழங்கு மேயர்

"எங்க தெருவுல காலி மனை சும்மா கெடக்குதுண்ணே, அதுல ஏதாச்சும் விளையுமா?" டவுன்ல இருந்து படிக்கிறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி இது. விளையும். 130 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவில் ஒரு நகரத்தில் இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. ஊர் டெட்ராய்ட். செஞ்சவர் அந்த ஊர் மேயர், ஹேசன் பிங்கிரி.

பிங்கிரி 1840-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசுலயே வேலைக்குப் போயிட்டார். உள்நாட்டுப் போரில் சிப்பாயா இருந்து எதிரிகிட்ட கைதியாகி, உயிர் பிழைச்சு வந்தார். அப்புறம் டெட்ராய்ட்ல செருப்பு, ஷூ செய்யும் தொழிற்சாலை வெச்சு பெரிய முதலாளி ஆனார். 1889-ல் மேயரா ஜெயிச்சார். அப்போ அந்த ஊர் ஜனத்தொகை சுமார் 2 லட்சம்தான்.

நம்ம ஆளு, நமக்கு சாதகமா இருப்பாருன்னு பணக்காரங்க நினைச்சாங்க. அவரோ டிராம் கம்பெனிகிட்ட, 5 சென்ட் டிக்கெட்டை 3 சென்ட் ஆக்குன்னு மல்லுக்கு நின்னார். தெருவிளக்குக்கு நகராட்சியே கரண்ட் தயாரிக்க வழி பண்ணினார்.

1893-ல் அமெரிக்காவில் பேங்குகள் திவாலாச்சு, தொழிற்சாலைகள் மூடியாச்சு. டெட்ராய்ட்லயும் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. நிறைய பேர் போலந்து, ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவங்க. ஆனா நகரத்தைச் சுத்தி, விலை ஏறட்டும்னு வாங்கிப் போட்ட மனைங்க புல்லு முளைச்சுக் கெடந்துச்சு.

1894-ல் பிங்கிரி அந்த மனைக்காரங்ககிட்ட, "சும்மா கெடக்கிற வரைக்கும் கடனா குடுங்க"ன்னு கேட்டார். உழவுக்கும் விதைக்கும் நன்கொடை கேட்டப்போ சொற்பம்தான் சேர்ந்துச்சு. தான் ஆசையா வளர்த்த குதிரையை ஏலம் விட்டு அந்தப் பணத்தைப் போட்டார். பத்திரிகைக்காரங்க கேலிப்படம் போட்டுச் சிரிச்சாங்க.

நகராட்சியே உழுது குடுத்து, விதைக்கிழங்கும் குடுத்துச்சு. குடும்பத்துக்கு கால் ஏக்கர்ல இருந்து அரை ஏக்கர் வரைக்கும். முதல் வருஷம் சுமார் 430 ஏக்கர், 945 குடும்பம். உருளை, பீன்ஸ், டர்னிப் போட்டாங்க. நடவு தாமதம்தான். இருந்தாலும் சுமார் 3,600 டாலர் செலவுல 12,000 டாலருக்கு மேல விளைஞ்சுது. கேலி பண்ணின வாயெல்லாம் அடைச்சுப் போச்சு. மத்த நகரங்களும் இதைப் பார்த்து ஆரம்பிச்சாங்க.

ஒரு விவசாயியா எனக்குப் பட்டதைச் சொல்றேன். கஞ்சி ஊத்தியிருந்தா அன்னைக்குப் பசி ஆறியிருக்கும், நாளைக்கும் வரிசையில நிக்கணும். இவர் மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு மண்ணைக் குடுத்தார். கிழங்கைத் தோண்டி எடுத்தவன் யார்கிட்டயும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனா ஒரு குறையும் உண்டு. கேட்டு வந்தது சுமார் 3,000 குடும்பம், கெடச்சது மூணுல ஒரு பங்குக்குத்தான். அதுவும் அவங்களுக்குச் சொந்தமாகலை. தொழில் மறுபடி நிமிர்ந்ததும் மனைங்க மனைக்காரங்ககிட்டயே போயிருச்சு. மேயரால குடுக்க முடிஞ்சது வெள்ளாமையைத்தான், நிலத்தை இல்ல. இரவல் மண்ணுல யாரும் மரம் வைக்க மாட்டாங்க, கிழங்குதான் போடுவாங்க.

பிங்கிரி 1897-ல் மிச்சிகன் மாநில கவர்னர் ஆனார், 1901-ல் இறந்தார். டெட்ராய்ட் நடுவுல ஒரு பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கு.

உங்க தெரு மனைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு போகம் கீரை போட யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க.