ஒரு குடும்பம், இரண்டு கணக்கு: நயினார்கோவில் – துபாய் இடப்பெயர்வும் பாலின விகிதமும்

இராமநாதபுரம் வானம் பார்த்த பூமி, அதனால்தான் அங்குள்ளவர்கள் துபாய்க்குப் போகிறார்கள் என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. வறட்சி ஆளைக் கிளப்பும், சரி. ஆனால் வீட்டில் யார் போவது, யார் நிற்பது என்பதை அது முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்வது போய்ச் சேரும் ஊரின் விதி என்பதே என் வாதம்.

1968இல் துபாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 59,000. 2023 இறுதியில் 36 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பெருக்கம் பிள்ளைப்பேற்றால் வந்ததன்று. இன்று அங்கே பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர், பத்தில் ஏழு பேர் ஆண்கள். பாலைவனம் என்பதால் பெண்கள் போகவில்லை என்றால் அமீரகக் குடிமக்களிடையேயும் அப்படி இருக்க வேண்டும். அவர்களிடம் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தின் நயினார்கோவில் ஒன்றியத்திலிருந்து போகும் கொத்தனாருக்கும் ஹெல்பருக்கும் இந்தத் தொகை எட்டாக்கனி. கம்பெனி தருவது சோனாப்பூரிலோ அல் கூஸிலோ தொழிலாளர் முகாமின் ஓர் அறையில் மேலும் கீழுமாக அடுக்கிய இரும்புக் கட்டில்களில் ஒன்று. அதில் மனைவிக்கு இடம் ஏது? விசா வந்ததும் ஆண் மட்டும் கிளம்புகிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெக்கேஷனில் வருகிறார். கீழக்கரைப் பக்கம் இவரைச் 'சபுராளி' என்பார்கள், பயணத்தில் இருப்பவர் என்று பொருள். இருபது வருடம் அங்கேயே உழைத்தவருக்கும் அதே பெயர்தான். மிகச் சரியான சொல். குடியேறியவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை.

இதே மண் பிரிட்டிஷ் காலத்திலும் ஆட்களை அனுப்பியது. மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதிக்கப்பட்டு, பாம்பனைத் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் இராமநாதபுரத்தாரும் உண்டு. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போனார்கள். கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டியிருந்தது, பிள்ளைகளும் தோட்டத்து லயக் குடியிருப்பில் வளர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு ஆள் தேடும் வேலை மிச்சம். கங்காணி முறை கருணையானது என்று நான் சொல்லவரவில்லை. கண்மாய் வற்றியது அன்றும்தான், இன்றும்தான். அன்று குடும்பமே போயிற்று; இன்று அதில் ஓர் ஆண் போகிறார். வித்தியாசம் வேலை கொடுப்பவரின் தேவையிலும் விதியிலும் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டவரை 22 லட்சம் என மதிப்பிட்டது. அமீரகத்தில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் பேர். ஆட்களை அனுப்பும் முன்வரிசை மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. அப்படியானால் இங்கே பெண்களின் எண்ணிக்கை ஓங்கியிருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பிலோ ஆயிரம் ஆண்களுக்கு 983 பெண்கள். மாநிலச் சராசரி 996. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒன்றை வாசலில் நின்று பார்த்தாலே ஊகிக்கலாம். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. "வீட்ல எத்தன பேரும்மா?" என்று கேட்டால், எந்த மனைவி தன் புருசனை விட்டுவிட்டு எண்ணுவாள்? குடும்ப அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. அவர் அனுப்பிய பணத்தில்தான் மாடி எழும்பியிருக்கிறது.

ஆனால் குண்டு மிளகாயைப் பறித்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டிப் பரமக்குடிக் கமிஷன் மண்டியில் விலை பேசுவது அவள். நிலப் பட்டா மட்டும் பெரும்பாலும் அவர் பெயரில் இருக்கும். பயிர்க்கடனுக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் அவர் வெக்கேஷனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். பாலின விகிதம் என்ற ஒற்றை எண் இதில் எதையும் காட்டாது.

துபாயின் மிகையான ஆண்களும் நயினார்கோவிலில் தனியே குடும்பம் நடத்தும் பெண்களும் ஒரே மக்கள்தொகையின் இரு பாதிகள். 2027 கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டில் யார், எந்த நாட்டில், எத்தனை வருடமாக என்று தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.